சனிக்கிழமைப் பதிலி

வேடசந்தூர் சாலையிலுள்ள அந்த நூல் மில்லில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்கு வர முடியாதவர் தமக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்ப வேண்டும். அந்த ஆளுக்குப் பதிலி என்று பெயர். பதிலி வந்து நின்றால் மெஷின் ஓடும். மெஷின் ஓடினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. பதிலி இல்லாமல் விடுப்பு எடுத்தவருக்கு அடுத்த வாரமே இரவு ஷிப்ட்.

ஆரோக்கியம்மாள் பதினொரு வருடமாக அங்கே அறுந்த நூலை ஒட்டுகிறாள். முதல் ஷிப்ட். அதிகாலை ஐந்துக்கு மேட்டுப்பட்டி முனையில் மில் பஸ் ஏறினால் வீடு திரும்ப மூன்று மணி ஆகும். கணவர் ஞானதாஸ் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிறார். வீட்டில் தங்குவது மாதத்தில் நாலைந்து நாள். மகள் ஐரின் பத்தாம் வகுப்பு. ஊரின் மறுகோடியில் ஒரு தனியார் பள்ளி. அங்கே வாசலில் வருடாவருடம் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று பேனர் கட்டுவார்கள். அந்தப் பேனரை நம்பித்தான் இருவரும் அவளை அங்கே சேர்த்திருந்தார்கள்.

ஜூன் மாதம் ஐரின் ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தாள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெற்றோர் கூட்டம். தாயோ தந்தையோ நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். வராதவர்களின் பிள்ளை, அவர்கள் வரும் வரை வகுப்புக்கு வெளியே உட்கார வேண்டும்.

"சனிக்கிழம பதினோரு மணின்னா நான் எங்கிட்டுப் போறது?" என்றாள் ஆரோக்கியம்மாள்.

ஒரே சுவரைப் பகிரும் பக்கத்து வீட்டில் தீபா இருந்தாள். அதே மில், இரண்டாம் ஷிப்ட். மதியம் ஒரு மணிக்குத்தான் கிளம்புவாள். அவள்தான் கணக்குப் போட்டாள்.

"அக்கா, உனக்குப் பதிலா நான் மில்லுல நின்னா எட்டு மணி நேரம். அதோட என் ஷிப்டும் சேந்தா பதினாறு. அதே ஸ்கூல்ல உனக்குப் பதிலா உக்காந்தா ஒரு மணி நேரம். எது லேசு?"

"அவுக கண்டுபிடிச்சுட்டா?"

"யாருக்கு உன் மூஞ்சி தெரியும்? ஆறாப்புல சேத்துவிட்டு வந்ததுதான் நீ. அப்புறம் அந்தப் பக்கம் எட்டிப் பாத்திருக்கியா?"

ஆள் வர முடியாவிட்டால் பதிலி அனுப்ப வேண்டும். அதில் என்ன தப்பு என்றுதான் ஆரோக்கியம்மாளுக்கும் தோன்றியது. ஐரினிடம் மட்டும், "யாராச்சும் கேட்டா சித்தியத்தான் அம்மான்னு சொல்லணும்" என்றாள். ஐரின் தலையாட்டினாள்.

முதல் கூட்டம் முடிந்து வந்த தீபா, ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் வாசலில் நின்று ஐரினிடம் சிரித்தாள். "முப்பத்திரண்டு வயசுல எனக்குப் பதினஞ்சு வயசுப் பொண்ணு! உங்க வாத்தியார் ரொனால்டு சார் என்னையவே பாத்தாரு. 'சின்ன வயசுலயே கல்யாணம் சார்'னு சொல்லிட்டேன். பாவம், அந்தாளு மொகமே வாடிப்போச்சு."

ஜூலையில் போனாள். ஆகஸ்டில் போனாள். பதிவேட்டில் 'ஆரோக்கியம்மாள்' என்று உருண்டையாக எழுதிவிட்டு வந்தாள். செப்டம்பரில், தவறாமல் வரும் பெற்றோர்களை நிற்க வைத்துப் பள்ளியில் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, வாசலில் காவலாளி உட்காரும் இடத்துக்குப் பின்னால் மாட்டினார்கள். ஒவ்வொரு முகத்துக்கும் கீழே பெயர். இரண்டாம் வரிசையில், ஆரோக்கியம்மாளின் மாம்பழ நிறச் சேலையை இரவல் கட்டிக்கொண்டு, தீபா. அதன் கீழே: 'ஆரோக்கியம்மாள், ஐரினின் தாயார்.'

ஐரின் அதைக் கைபேசியில் எடுத்து வந்து காட்டினாள். தீபா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆரோக்கியம்மாள் சிரிக்கவில்லை. தன் பெயரின் மேல் வேறொரு முகம் இருப்பதை நெடுநேரம் பார்த்தாள்.

"இத எடுக்கச் சொல்லிரலாமாடி?"

"எப்படிம்மா சொல்றது?" என்றாள் ஐரின்.

நவம்பர் கூட்டம் முடிந்து தீபா நேராக வீடு திரும்பினாள். கிளம்பும்போது, "ஒரு பேப்பர் குடுத்தாங்கக்கா. எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க, நானும் போட்டேன்" என்று மட்டும் போனில் சொன்னாள்.

"என்ன எழுதியிருந்துச்சு?"

"பிள்ளைய நல்லாப் படிக்க வைக்கணும், அது இதுன்னு. ரெண்டு பக்கம். பஸ்ஸுக்கு நேரமாச்சு. நின்னு படிச்சா சந்தேகப்படுவாங்கல்ல?"

அந்தப் பேப்பரில் என்ன இருந்தது என்பது ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் தெரிந்தது. பள்ளியிலிருந்து உறையிட்ட கடிதம் வந்தது. அரையாண்டுத் தேர்வில் ஐரின் எடுத்தது ஐந்நூறுக்கு இருநூற்று முப்பத்தொன்று. இருநூற்றைம்பதுக்குக் குறைந்தால் மகளை நிறுத்திக்கொண்டு, மாற்றுச் சான்றிதழ் பெற்று, தனித்தேர்வராக எழுத வைக்கிறேன் என்று தாயார் உறுதிமொழி கொடுத்திருக்கிறார். எனவே வெள்ளிக்கிழமை நேரில் வந்து சான்றிதழ் பெற்றுக்கொள்ளவும்.

ஆரோக்கியம்மாள் இரண்டு முறை படித்தாள். ஐரின் சுவரோடு சாய்ந்து நின்றாள்.

"உனக்குத் தெரியுமாடி இது?"

"சித்தி போடுறப்ப பக்கத்துலதான் நின்னேன். வேணாம்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா, ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."

வெள்ளிக்கிழமை ஆரோக்கியம்மாளின் மெஷினில் தீபா நின்றாள். பதினாறு மணி நேரம். "நான் போட்ட கையெழுத்துக்கு நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

ஆரோக்கியம்மாள் மகளோடு பள்ளி அலுவலக வராந்தாவில் பத்து மணிக்கு உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர். நத்தத்தில் மாந்தோப்பும் மண்டியும் வைத்திருக்கும் பெரியகருப்பன். அவர் மகளும் ஐரின் வகுப்புதான்.

"எம் மக எரநூத்திப் பத்து" என்று அவராகவே சொன்னார். "இங்கிலீசுல கோட்ட விட்டிருச்சு. டியூசன் ஏற்பாடு பண்ண வந்தேன்."

"உங்களுக்கு லெட்டர் வரலீங்களா?"

"எந்த லெட்டரு?"

அவள் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "இதுவா? அந்தப் பேப்பர எனக்கும் நீட்டுனாங்க. வீட்டுல கொண்டுபோய்ப் படிச்சுட்டுத் தாரேன்னு சட்டப்பையில வச்சேன். அப்புறம் நானும் குடுக்கல, அவங்களும் கேக்கல." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தவர், சற்றுத் தயங்கி, "நீங்க ஏம்மா அவசரப்பட்டுப் போட்டீங்க?" என்றார்.

தலைமை ஆசிரியையின் அறையில் ஏசி ஓடியது. மேஜையில் ஐரினின் கோப்பு. அவர் நிமிர்ந்து, ஆரோக்கியம்மாளைப் பார்த்தார். பிறகு ஐரினைப் பார்த்தார்.

"அம்மா வரலியா?"

"நான்தாங்க அம்மா."

"நீங்களா? அப்ப படத்துல இருக்குறவங்க?"

பஸ்ஸில் வரும்போது ஆரோக்கியம்மாள் இரண்டு வழியையும் யோசித்திருந்தாள். கையெழுத்துப் போட்டது நான்தான் என்று சாதித்தால், உறுதிமொழி தன்னுடையதாகிவிடும், ஐரின் வெளியே. நான் இல்லை என்றால், பேப்பர் செல்லாது. ஆனால் பொய்க்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். இப்போது முதல் வழி வாசலில் மாட்டியிருந்த படத்தாலேயே போய்விட்டது. அவள் நடந்ததை அப்படியே சொன்னாள்.

தலைமை ஆசிரியை குரலை உயர்த்தவில்லை. கோப்பின் அடியிலிருந்து ஆறாம் வகுப்புச் சேர்க்கைப் படிவத்தை எடுத்தார். அதிலுள்ள கையெழுத்தையும் உறுதிமொழியில் இருப்பதையும் அருகருகே வைத்தார்.

"சரிதான். இது உங்க கையெழுத்து இல்ல. உறுதிமொழி செல்லாது."

ஆரோக்கியம்மாளுக்கு மூச்சு வந்தது.

"ஆனா ஜூன் மாசத்துல இருந்து வேற ஒருத்தர அம்மான்னு கூட்டிட்டு வந்த பிள்ளைய நான் என்ன பண்றது? நீங்களே சொல்லுங்க." ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் மேஜையில் நகர்த்தினார். "நடந்தத எழுதிக் குடுங்க. ஸ்கூல் கமிட்டிதான் முடிவு பண்ணும்."

"வீட்டுல போய் எழுதிட்டு வாரேனுங்க."

"இங்கயே எழுதுங்க."

"வெளிய இருக்காரே, அவரு வீட்டுக்குக் கொண்டுபோனாருல்ல?"

"அவரு கமிட்டியிலயே இருக்காரும்மா" என்றார் தலைமை ஆசிரியை, குழந்தைக்குச் சொல்வது போல.

எழுதினாள். நான்தான் அனுப்பினேன், பிள்ளைமேல் தப்பில்லை, நான் சொல்லித்தான் அப்படிச் சொன்னாள். கீழே தன் சொந்தக் கையெழுத்து. தலைமை ஆசிரியை அதை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டி. தாய், மகள், அந்தப் பெண் மூவரும் வர வேண்டும். அதுவரை ஐரின் வகுப்புக்கு வெளியே.

"தேர்வுத் துறைக்குப் பேர்ப் பட்டியல் திங்கக்கிழம சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போகுது" என்று கதவருகில் வைத்துச் சொன்னார் வகுப்பாசிரியர் ரொனால்டு. குரல் தாழ்ந்திருந்தது. "அதுக்குள்ள கமிட்டி சரின்னு சொல்லணும். இல்லாட்டி ஐரின் பேரு இருக்காதும்மா."

மில்லில் மேற்பார்வையாளர் சாகுல் ஹமீது கையை விரித்தார். "ஏம்மா, உன் பதிலியே தீபாதான். ரெண்டு பேரும் ஒரே காலையில ஸ்கூலுக்குப் போயிட்டா பதிலிக்கு நான் எங்க போறது? முதல் ஷிப்டுக்கு ஒரு ஆள அனுப்பிட்டுப் போ. இல்லாட்டி வரவே வேணாம்."

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் எட்டுப் பேரிடம் கேட்டாள். யாருக்கும் ஏலவில்லை.

திங்கள் காலை ஐந்து மணிக்கு மில் பஸ் முனையில் நின்று மூன்று முறை ஹாரன் அடித்தது. வீட்டுக்குள் மூவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் போய்விட்டது.

எட்டரைக்கு பஸ் இறங்கிப் பள்ளிக்கு நடந்துகொண்டிருந்தபோது ஐரின் கையிலிருந்த போனில் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. அவள் நின்று படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள்.

"என்னடி?"

"கமிட்டி தள்ளி வச்சிருக்காங்களாம்மா. நாளைக்குப் பத்து மணி."

"பட்டியலு?"

"பட்டியல் இன்னைக்குத்தான்."

மூவரும் பள்ளி வாசலுக்கு வந்தபோது அங்கே பெற்றோர் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெற்றோர் அலுவலகத்தில் பெயர், பிறந்த தேதி சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். காவலாளி, தனக்குப் பின்னால் மாட்டியிருந்த படத்தை ஒரு பார்வை பார்த்துப் பார்த்து ஆட்களை விட்டான். அது இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"வாங்கம்மா" என்றான் தீபாவைப் பார்த்து. "ஐரின் அம்மாதான? உள்ள போங்க. மேடம் பதினோரு மணிக்குத்தான் வருவாங்க, கிளார்க் இருக்காரு." பிறகு ஆரோக்கியம்மாளைப் பார்த்தான். "இவங்க யாரு?"

"இவங்கதான் எங்கம்மா" என்றாள் ஐரின்.

"ஏம்மா பாப்பா, அன்னைக்கு இவங்களத்தானே அம்மான்னு சொன்ன?"

தீபா ஆரோக்கியம்மாளை ஓரமாக இழுத்தாள். "அக்கா, கிளார்க்குக்கு ஒண்ணும் தெரியாது போல. நான் போய்ப் போட்டுட்டு வந்துரவா? பட்டியல்ல பேரு ஏறிரும். அப்புறம் என்ன நடந்தாலும்..."

"மேடம் மேசையில நான் எழுதிக் குடுத்த பேப்பர் இருக்குடி."

"அவங்க வந்தாத்தானே அந்த மேசை தொறக்கும்? பதினோரு மணி ஆகும்."

ஆரோக்கியம்மாள் மகளைப் பார்த்தாள். ஐரின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரோக்கியம்மாள் தீபாவிடம் திரும்பினாள்.

"போ."

தீபா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். ஐரின் அவள் கூடவே நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. காவலாளி பேரேட்டில் குனிந்து, 'ஐரின், தாயாருடன்' என்று எழுதி நேரத்தையும் குறித்தான். கம்பிக்கதவு சாத்திக்கொண்டது.

ஆரோக்கியம்மாளின் இடுப்பிலிருந்த போன் அதிர்ந்தது. சாகுல் ஹமீது.

"ஆரோக்கியம், உன் மெஷின் காலையில இருந்து நிக்குது. உம் பதிலி எங்கம்மா?"

கம்பிகளுக்கு அப்பால் இரண்டு முதுகுகள் வராந்தா திரும்பி அலுவலகத்துக்குள் போயின. தெருமுனையில், பதினோரு மணிக்கு வர வேண்டிய தலைமை ஆசிரியையின் வெள்ளைக் கார் பள்ளியை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது.