ஒட்டுப்பால் வாடை

“பெட்டிய மூடப் போறோம். கடைசி முத்தம் குடுக்கிறவங்க வந்து குடுத்துருங்க” என்று உபதேசியார் குரல் கொடுத்ததும் ஒப்பாரி சட்டென்று நின்றது. கூடியிருந்தவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை. எல்லாரும் லயத்து வீடுகளுக்கு எதிரே இருந்த ஈரப்பலா மரத்தைத்தான் பார்த்தார்கள். அங்கே ஜெனிற்றா, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றாள். பெட்டிக்குள் கிடந்தவர் அவளைப் பெற்ற அப்பா, அருளப்பன். காலையிலிருந்து அவள் அந்த மரத்தடியை விட்டு ஓர் அடி முன்னே வைக்கவில்லை.

அருளப்பனின் தங்கச்சி மெட்டில்டா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மரத்தை நோக்கி வந்தாள்.

“வாடி. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“கிட்ட வராதீங்க அத்தை. அங்கயே நில்லுங்க.”

“பெத்த அப்பனுக்கு ஒரு முத்தம் குடுக்க ஒனக்கு வாய் கூசுதா?”

சொல்லிச் சொல்லி ஜெனிற்றாவுக்கு அலுத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து இன்று சனிக்கிழமை வரைக்கும் அவள் பேசின பேச்செல்லாம் செவிடன் காதில் ஊதின சங்குதான்.

அவள் இப்படி மரத்தடியில் ஒதுங்கி நிற்கும்படி ஆனது ஒட்டுப்பாலால். ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மரத்தில் வெட்டின கோட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த மிச்சப் பாலை உரித்தெடுத்துச் சாக்கில் கட்டி வைப்பார்கள். நாலு நாள் போனால் செத்த எலியே தேவலை என்று ஆகிவிடும். அருளப்பன் முப்பத்தைந்து வருசம் பால் வெட்டினவர். எந்தச் சவுக்காரம் போட்டாலும் அவருடைய காக்கிச் சட்டையை விட்டு அந்த வாடை போகாது. “அப்பா சட்டைய என் உடுப்போட சேத்து ஊறப் போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது” என்று ஜெனிற்றா சின்னப் பிள்ளையிலிருந்து சண்டை பிடித்திருக்கிறாள். அம்மா போன பிறகு அந்தச் சட்டையைத் துவைக்கிற வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

தோட்டத்து ஃபெக்டரியில் அந்தச் சாக்குகளுக்கென்று ஓர் அறை இருக்கிறது. அதற்குள் போகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், மூச்சைப் பிடித்துக்கொண்டே திரும்பி வருவார்கள். போன திங்கட்கிழமை பத்து மணித் தேத்தண்ணிக்கு, வெளியே மழை பெய்தபோது, ஜெனிற்றாவோடு அங்கே வேலை செய்கிற கருப்பாயி அந்தச் சாக்குகளின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

“அக்கா, நாறல ஒங்களுக்கு?” என்று கேட்டாள் ஜெனிற்றா.

“என்னா நாத்தம்? ஒண்ணும் தெரியலயே. ரெண்டு நாளா சம்பல்கூட மண்ணத் திங்கிற மாதிரிதான் இருக்கு.”

கதவடியில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். கருப்பாயியின் மூக்குக்குப் பென்சன் கொடுத்தாகிவிட்டது என்றாள் ஒருத்தி. ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சித்திரை வருசத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த கருப்பாயியின் மகன் இருமிக்கொண்டே திரும்பிப் போனது லயத்துக்கே தெரியும். அதற்குப் பிறகு ஒரு கிழமையாக அவளும் கருப்பாயியும் ஒரே ரோலரில் எதிரும் புதிருமாக நின்று ரப்பர் பாளம் தள்ளினவர்கள். ரோலர் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துத்தான் கத்த வேண்டும். கத்துவதற்கு மாஸ்க்கைத் தாடைக்கு இறக்க வேண்டும்.

அவள் நேரே கணக்கப்பிள்ளை சுதாகரனிடம் போனாள். அவனுடைய மாஸ்க் சட்டைப் பையில் பேனாவோடு தொங்கிக்கொண்டிருந்தது.

“ஐயா, கருப்பாயி அக்காவுக்கு மணமே தெரியல. சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ மாத்தயாவுக்கு ஒரு போன் கோல் எடுங்க. நாங்க எல்லாரும் டெஸ்ட் எடுக்கணும்.”

“ஒனக்கென்ன பிஸ்ஸா, பைத்தியமா? தடிமன் வந்தா மூக்கு அடைக்கத்தான் செய்யும். இதப் போய் பி.எச்.ஐகிட்ட சொன்னா பதினாலு நாளைக்கு ஃபெக்டரிய மூடிருவான். அறுபது பேருக்கும் நீ பேரு போடுவியா?”

பேரு போடாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அதனால் அவன் சொன்னதில் ஞாயம் இல்லாமலும் இல்லை. அந்த ஞாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அறுபது பேரும் ஒரு பக்கம் நின்றார்கள். “வருசத்துக்கு ஊரே கூடினப்ப வராத கொரோனா ஒட்டுப்பால் சாக்குலயா வந்துச்சு?” என்று கேட்டாள் ஒருத்தி. இன்னொருத்தி முகத்துக்கு நேரே வந்து வேண்டுமென்றே இருமிக் காட்டினாள். அதையெல்லாம் ஜெனிற்றா தாங்கிக்கொண்டாள். கருப்பாயி வந்து, “என்னப் போயி நோய்க்காரின்னு சொல்லிப்புட்டியே புள்ள” என்று கண்ணைத் துடைத்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால் ரோலருக்குள் ஜெனிற்றாவின் கை போகவிருந்த நேரத்தில் அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டவள் கருப்பாயிதான்.

செவ்வாய்க்கிழமை ஜெனிற்றா பஸ்ஸில் ஏறாமல் யட்டியாந்தோட்டைக்கு நாலு மைல் நடந்து போய், தானே மூக்கைக் கொடுத்து டெஸ்ட் எடுத்தாள். றிசல்ட் வர நாலைந்து நாள் போகும், அதுவரை தனியாக இருக்கச் சொன்னார்கள். லயக் காம்பராவில் தனியாக இருப்பதற்கு இடம் ஏது? குசினிக்குப் பின்னால் ஒட்டியிருந்த விறகுக் கொட்டிலைக் கூட்டிப் பாயைப் போட்டுக்கொண்டாள். கொட்டிலுக்கும் அப்பா படுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். பலகைகள் காய்ந்து விலகி, ஓர் இடத்தில் விரல் நுழைகிற அளவுக்கு மேலிருந்து கீழே இடைவெளி விட்டிருந்தது. அதன் வழியாகத்தான் அப்பாவும் மகளும் மூன்று நாள் பேசிக்கொண்டார்கள்.

மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி அருளப்பனின் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. பொழுது சாய்ந்தால் சித்தாலேப தைலம் போட்டுத் தேய்த்துவிட வேண்டும். அதுவும் மகள் கைதான் வேண்டும். வியாழக்கிழமை சாயந்தரம் கூப்பிட்டார்.

“பாப்பா.”

“என்னாப்பா?”

“கால் ரொம்பக் கடுக்குது. கொஞ்சம் வந்து தேச்சு விடேன்.”

“தம்பி எட்வின் தேச்சு விடுவான்பா.”

“அவனுக்கு என்னா தெரியும்? தோசக்கல்லுல எண்ண தடவுற மாதிரி தடவிட்டுப் போறான்.”

அவள் சிரித்துவிட்டாள். “ரெண்டே நாள் பொறுங்கப்பா. றிசல்ட் வரட்டும்.”

“எனக்கு இந்த நோய்க்கெல்லாம் பயமில்ல புள்ள.”

“எனக்குப் பயம்ப்பா.”

அந்தப் பக்கம் கட்டில் ஒரு தடவை கிறீச்சிட்டது. வெள்ளிக்கிழமை விடிய எட்வின் போட்ட கூப்பாட்டில்தான் அவள் எழும்பினாள். தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா வந்து பார்த்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, ஆறு வருசமாக மாத்திரை போட்ட நெஞ்சு நின்றுவிட்டது, வேறொன்றுமில்லை என்றார்.

ஜெனிற்றாவைத் தின்றது அதுதான். ஒரு சாவு உள்ளே வந்துவிடாமல் அவள் பின்வாசலில் காவல் இருந்தாள். இன்னொரு சாவு முன்வாசலால் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. கடைசியாகக் கேட்டது காலைத் தேய்த்துவிடச் சொல்லி. அதைக்கூட அவள் செய்யவில்லை. ஃபெக்டரிக்காரர்கள் சொன்னதுபோல அது வெறும் தடிமனாக இருந்தால், இந்த நாலு நாளுக்கு அவள் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? வரட்டும், நோயாகவே இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இன்று காலை ஃபெக்டரிப் பெண்கள் வந்தபோது கருப்பாயியும் வந்தாள். சாவு வீட்டில் பெண்கள் அழுகிற முறை தெரிந்ததுதான். வட்டமாக உட்கார்ந்து, தோளில் கை போட்டு, தலையோடு தலை முட்டி அழுவார்கள். வருகிற ஒவ்வொருத்தியும் இருக்கிற ஒவ்வொருத்தியையும் கட்டிப்பிடிக்க வேண்டும். கருப்பாயி வாசல் இஸ்தோப்பில் ஏறினவுடன் மெட்டில்டாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அடுத்தவள், அதற்கடுத்தவள். நடுவில் இரண்டு தடவை முந்தானையில் இருமினாள்.

“அக்கா, மாஸ்க்கப் போடுங்க! அத்தை, கொஞ்சம் தள்ளி உக்காருங்க! ஒங்களுக்குச் சீனி வருத்தம் இருக்கு!” என்று ஜெனிற்றா மரத்தடியிலிருந்து கத்தினாள். செத்த வீட்டில் மகள் ஒப்பாரி வைப்பாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

“சாவு வீட்டுலயும் ஒன் நாடகமா?” என்றான் சுதாகரன், நாற்காலியில் இருந்தபடி. “செத்தது ஒங்கப்பா. அந்தப் பொம்பள அழுவுறா. நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டியா?”

எட்வின் ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டான். “அக்கா, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் சும்மா இரு.” அதனால்தான் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது பெட்டி மூடியைக் கையில் பிடித்தபடி இரண்டு பேர் காத்திருந்தார்கள். மரத்தடியிலிருந்து பெட்டி பன்னிரண்டு எட்டு இருக்கும். அப்பாவின் மூக்கு மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அவள் ஓர் எட்டு வைத்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. இன்னொரு எட்டு வைத்தாள். வழியின் முடிவில், பெட்டிக்குப் பக்கத்தில், கருப்பாயி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள்.

“வா புள்ள. நான் புடிச்சுக்கிறேன், வா.”

அந்தக் கைக்குள் போய் விழுந்து அழ வேண்டும்போல ஜெனிற்றாவுக்கு இருந்தது. உடம்பெல்லாம் அதைத்தான் கேட்டது. அவள் நின்றுவிட்டாள்.

“எட்வின்.”

“என்னாக்கா?”

“எனக்கும் சேத்து நீயே ஒண்ணு குடுத்துர்றா.”

எட்வின் அவளைப் பார்த்தான். பிறகு குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டான். இரண்டாவது தடவை குனியப் போனபோது அவள் தடுத்தாள்.

“என்னோடத நெத்தியில வேணாம். முழங்கால்ல குடு.”

அவன் வெள்ளைத் துணிக்கு மேலாக ஒரு முழங்காலில் முத்தமிட்டான். கொஞ்சம் யோசித்து மற்ற முழங்காலிலும் முத்தமிட்டான். “இப்பிடியும் ஒரு பொண்ணு” என்று மெட்டில்டா தரையில் துப்பினாள். மூடி விழுந்தது.

சேமக்காலைக்கு அவள் கூட்டத்துக்கு ஐம்பது அடி பின்னால் நடந்தாள். எல்லாரும் மண் போட்டு முடித்து, குழியும் மூடி, ஆட்கள் இறங்கின பிறகு தனியாகப் போய் ஒரு பிடி மண்ணைக் குவியலின் மேல் வைத்தாள். திரும்பும்போது வழியில் கருப்பாயி கல்லின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“கோவமா புள்ள?”

“இல்லக்கா. போய் டெஸ்ட் எடுங்க.”

“ஒனக்கு வேற பேச்சே கெடையாது” என்று கருப்பாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொழுது சாயும் நேரம் எட்வின் கொட்டில் வாசலில் எதையோ வைத்துவிட்டு நாலு எட்டுப் பின்னால் போய் நின்றான். அப்பாவின் காக்கிச் சட்டை.

“அத்தை இத எரிக்கச் சொன்னாங்க. நான் குடுக்கல. நீ வச்சுக்க.”

அவன் போன பிறகு அவள் சட்டையை எடுத்தாள். போன கிழமை துவைக்காமல் விட்ட சட்டை. மாஸ்க் இரண்டையும் கழற்றிவிட்டு அதை முகத்தில் அழுத்திக்கொண்டாள். நாலு நாளாகத் தள்ளி நின்றவள் ஆசை தீர மூச்சை இழுத்தாள்.

ஒன்றுமில்லை.

சட்டையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்த்தாள். கையோரத்தில் கருப்பாக ரப்பர் பால் உறைந்து கிடந்தது. விரலில் பிசுபிசுத்தது. அந்த இடத்தை மூக்கோடு வைத்து மறுபடியும் இழுத்தாள். சட்டைப் பையில் என்னவோ உருண்டது. சித்தாலேப போத்தல். மூடியைத் திருகி மூக்குக்குள் நுழைகிற மாதிரி வைத்தாள். கண் எரிந்தது. எரிந்து, பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. மணம் மட்டும் வரவில்லை.

முன்பக்கத்தில் மெட்டில்டாவும் ஃபெக்டரிப் பெண்களும் ஒரே பாயில் நெருங்கி உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

“அக்கா, சோறு கொண்டாரவா?” தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்வின் கேட்டான்.

“வேணாம். நீ முன்பக்கமாப் போய்ப் படு.”

“அங்க இடமில்லக்கா. அப்பா கட்டில்ல படுத்துக்கிறேன்.”

கட்டில் கிறீச்சிட்டது. ஜெனிற்றா கண்ணைத் துடைத்தாள். காக்கிச் சட்டையை நீளவாட்டில் இறுக்கச் சுருட்டி, பலகை இடைவெளியில் மேலிருந்து கீழ்வரை விரலால் குத்திக் குத்தி அடைத்தாள்.