முழுக்கைச் சட்டை

"சனிக்கிழமை கோயில்ல எங்கட கிளையின்ர உபயம். ஆம்பிளையள் எல்லாரும் வேட்டி, சால்வையோட வரவேணும். சாமி தூக்க ஆள் காணாது" என்று முகாமையாளர் பாக்கியரத்தினம் சொன்னபோது, சுகிர்தன் தன் வலது மணிக்கட்டுப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது பூட்டித்தான் இருந்தது. "தம்பி, நீங்க நல்ல உயரம். முன்னுக்கு நில்லுங்கோ" என்றார் அவர்.

ஓர்ஸ் ஹில்லில் இருந்த அந்த ஆயுள் காப்புறுதி அலுவலகத்தில் அவனுடைய தகுதிகாண் காலம் முடிகிற மாதம் அது. வேலை நிரந்தரமாகிவிட்டால் பிறகு பயமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் முழுக்கைச் சட்டையோடுதான் வருவான். உள்ளே, தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், ஒரு ஆக்டோபஸ் தன் கைகளை எல்லாம் பரப்பிக்கொண்டு கிடந்தது. நிலாவெளி ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் பச்சை குத்தியது. அங்கே அதற்குத் தனி மரியாதை. வெள்ளைக்காரர்கள் அவன் கையைப் பிடித்துப் படமெடுப்பார்கள். முதலாளியும் அவனைத்தான் வாசலில் நிறுத்துவார். ஆனால் சீசன் முடிந்தால் அந்த வேலையும் முடிந்துவிடும். நிரந்தர வேலை தேடி அரைக்கைச் சட்டையோடு ஏறி இறங்கிய இடங்களிலோ, சான்றிதழைப் பார்த்துச் சிரித்தவர்கள் கையைப் பார்த்ததும் "அறிவிக்கிறம்" என்றார்கள். இன்றுவரை ஒருவரும் அறிவிக்கவில்லை. "உந்தக் கணவாய் மீன்தான் உன்ர வேலையளத் தின்னுது" என்பாள் அம்மா.

கோயிலுக்குள் சட்டையைக் கழற்றாமல் ஏலாது. சால்வையை இடுப்பில் கட்டத்தான் வேண்டும். சாமி தூக்குகிறவன் கையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? மூளை யோசித்து முடிக்க முதல் வாய் முந்திக்கொண்டது.

"சேர், எனக்குத் துடக்கு."

"ஐயோ, ஆர் தம்பி?"

"பெரியப்பா. ஈச்சிலம்பற்றில."

தவராசாப் பெரியப்பா அந்த நேரம் வயலில் மயில் கலைத்துக்கொண்டு நின்றிருப்பார். பாக்கியரத்தினம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். மனிதர் உண்மையாகவே கவலைப்பட்டார். சாவுத் தீட்டுள்ள துடக்குக்காரனைக் கோயிலுக்குக் கூப்பிடவா முடியும்? உபயத்தை விடுங்கோ, முதலில் வீட்டைப் பாருங்கோ என்கிற மாதிரி லீவும் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் வரும்போது சுகிர்தனுக்கு வெட்கமாக இருந்தது. தப்பிவிட்டோம் என்ற நிம்மதி அதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது.

அவன் யோசிக்க மறந்தது ஒன்றைத்தான். காப்புறுதிக்காரர்கள் கலியாணவீட்டைத் தவறவிட்டாலும் செத்தவீட்டைத் தவறவிட மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாலையூற்றில் அவன் வீட்டுப் படலையடியில் மோட்டார்சைக்கிள் வந்து நின்றது. சுகிர்தன் கிணற்றடியில் சாரத்தோடு குளித்துக்கொண்டு நின்றான். செத்தவீட்டுக்குக் கொண்டுபோகிற தேயிலையும் சீனியும் போட்ட பையோடு முற்றத்துக்கு வந்த பாக்கியரத்தினம், "ஈச்சிலம்பற்றுக்கு வர வசதிப்படேல்ல, அதுதான் வீட்டை வந்தனான்" என்று தொடங்கினார். தொடங்கியவர் நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார். குசினிக்குள் அம்மா சூடைமீன் பொரித்துக்கொண்டிருந்தாள். துடக்கு வீட்டில் யார் மீன் பொரிப்பார்கள்?

பிறகுதான் அவர் கையைக் கண்டார். சவுக்கார நுரை வழிய வழிய ஆக்டோபஸ் முழுதாக வெளியே வந்தது. வாளித் தண்ணீரை ஊற்றினாலும் தெரியும், ஊற்றாவிட்டாலும் தெரியும். சுகிர்தன் வாளியைக் கீழே வைத்தான்.

"பெரியப்பா சுகமா இருக்கிறாரோ?"

"ஓம் சேர்."

பாக்கியரத்தினம் அந்தக் கையைப் பார்த்தார். "நேர்முகத்தில இதைக் கண்டிருந்தா வேலை தந்திருப்பனோ எண்டு எனக்கே தெரியாது, தம்பி" என்றார். "ஆனா இதுக்காக ஒரு மனிசனைச் சாகடிச்சுப் போட்டீங்களே."

ஒன்றும் அறியாத அம்மா கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இருங்கோ சேர், சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்." அவர் இருக்கவில்லை. பையைக் கதிரையில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"சேர், நான் நாளைக்கு வேலைக்கு வரட்டோ?"

அவர் படலையைத் திறந்துகொண்டு போனார்.

"என்ன இது, போட்டு வாறன் எண்டுகூடச் சொல்லாமப் போறார்?" என்றாள் அம்மா.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லை; தங்கள் வீடு சேர முதல் கால் கை கழுவிக்கொள்வார்கள். ஈரக் கையோடு படலை வரைக்கும் ஓடினான். ஒழுங்கை முடக்கில், தெருக்குழாயடியில் பாக்கியரத்தினம் மோட்டார்சைக்கிளை நிறுத்தியிருந்தார். செருப்பைக் கழற்றி, சட்டைக் கைகளை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு, காலையும் கையையும் முகத்தையும் அவசரமில்லாமல் கழுவிக்கொண்டிருந்தார்.