கடலுக்குப் போய் வந்த லேத் மெஷின்

எங்கட மனுசனோட குடும்பம் நடத்தி எனக்குப் பொறுமை வந்திருக்குமெண்டு ஆரும் நினைச்சால் அது பிழை. இருந்ததும் போனதுதான் மிச்சம். அவுஸ்திரேலியாவுக்கு விசா வந்த அண்டைக்கு வேற ஆரெண்டாலும் கோயிலில மெழுகுதிரி கொளுத்தியிருப்பினம், ஒரு கோழியாவது அடிச்சிருப்பினம். செபஸ்தியாம்பிள்ளை எண்ட என்ர புருசன் நேரா பட்டறைக்குள்ள போய், இரும்பு கடையிற லேத் மெஷினுக்குப் பக்கத்தில கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்திட்டார். மெஷின் வந்தால் தானும் வாறாராம். அது வராட்டி என்னைத் தனியப் போகட்டாம்.

மகள் லக்சனா மெல்பேணில. கலியாணம் முடிச்சுப் போய் எத்தினையோ வருசத்துக்குப் பிறகு வயித்தில ஒரு பிள்ளை தங்கியிருக்கு. பேறுகாலத்துக்கு நான் பக்கத்தில நிக்கவேணும், நிண்டே ஆகவேணும். இந்த மனுசனைத் தனிய விட்டிட்டுப் போகலாமெண்டால், அவருக்கு ஒரு தேத்தண்ணி வைக்கத் தெரியாது. ஆகமொத்தம் என்ர பிள்ளையின்ர முகத்தைப் பாக்கிறதும் பாக்காததும் அந்தக் கோதாரி விழுந்த இரும்பின்ர கையில எண்டாச்சுது.

நான் ஒரு நம்பிக்கையில இருந்தன். வெளிநாட்டில கரண்டு வேற மாதிரி, இஞ்சத்தைய சாமான் அங்க ஓடாது எண்டு ஆரோ சொல்லக் கேட்டிருக்கிறன். மருமகன் கிருஷாந்தனை ரெலிபோனில கூப்பிட்டு, மெதுவாக் கதையைக் குடுத்துப் பாத்தன். அந்தப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு, அங்கயும் இதே கரண்டுதான் மாமி, கராஜும் சும்மாதான் கிடக்கு, கொண்டு வாங்கோ எண்டுது. மாமனும் மருமகனும் ஒரே கட்சி. என்ர அலுமாரியைக் கொண்டுபோகலாமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அதை மதுரங்குளியில இருக்கிற என்ர கூட்டாளி பளீலாவுக்குக் குடுத்துப்போட்டு, அதை ஏத்தின வான் போன திசையைப் பாத்து மூக்கைச் சிந்தினன்.

ஆனால் அவர் ஏன் அப்பிடி நிண்டவர் எண்டு எனக்குத் தெரியாமலில்லை. ஒருநாள் சண்டை முத்தி, என்ன இழவுக்கு உந்த இரும்பைக் கட்டி அழுறியள் எண்டு கேட்டன். சத்தம் போடாமல் சொன்னார்.

"றோஸ், அங்க நான் ஆர்? பேரப்பிள்ளையைத் தூக்கி வச்சிருக்கிற ஒரு கிழவன். இஞ்ச நான் பாஸ்."

எங்கட பக்கத்தில கைவேலை தெரிஞ்ச ஆளைப் பாஸ் எண்டுதான் மரியாதையாக் கூப்பிடுறது. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்துக்குப் பயந்து மன்னார்ப் பக்கத்தில இருந்து ஓடி வரேக்க தகப்பன்ர லேத்தை விட்டிட்டு வந்த மனுசன். பாதி கடைஞ்ச வேலை அதிலயே பூட்டினபடி கிடந்ததாம். அந்த வேலையை முடிக்காமல் வந்திட்டன் எண்டு எத்தினையோ வருசம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு உடப்பு எண்ட மீன்பிடிக் கிராமத்துக்கு வந்து, சிலாபத்தில ஒரு சிங்களப் பாஸிட்டைப் பழசா இந்த மெஷினை வாங்கி, கடற்கரை றோட்டில ஒரு தகரக் கொட்டிலுக்குள்ள வச்சு ஓட்டத் தொடங்கினாப்போலதான் அவருக்கு நித்திரை வந்தது.

அந்தக் கொட்டிலை நினைச்சால் இப்பவும் எனக்கு இரும்பும் எண்ணெயும் மீனும் சேந்த மணம் வருகுது. விடியக் காலமை வள்ளக்காரர் எஞ்சின் தண்டைத் தோளில வச்சுக்கொண்டு வருவினம். வளைஞ்சது, தேஞ்சது, கல்லில அடிபட்டது. வேலை முடியுமட்டும் வாசலில குந்தியிருந்து, கடலில நடந்ததையெல்லாம் ஒண்டுக்குப் பத்தாக் கதைப்பினம். நான் குசினிக்குள்ள நிண்டு மெஷின்ர சத்தத்தைக் கேட்டே இண்டைக்குப் பித்தளையோ இரும்போ எண்டு சொல்லுவன். போகேக்க வாசலில மீன் கோர்வையொண்டு தொங்கும். மீனைக் கழுவேக்க நான் ஏசுவன், அதைத் தின்னேக்க பேசாமலிருப்பன். எவ்வளவு சந்தோசமா இருந்திருக்கிறன் எண்டு அப்ப எனக்கு விளங்கேல்ல.

கொழும்பிலிருந்து வந்த கப்பல் ஏஜன்டுப் பொடியன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். அவுஸ்திரேலியாவில சரியான கடுமையாம். பாவிச்ச மெஷினெண்டால் பெட்டியைத் திறந்து பாப்பாங்களாம். மண், விதை, இலை, மரத்தூள், பூச்சி, ஒண்டும் இருக்கப்படாது. கண்டால் திருப்பி அனுப்புவாங்கள், இல்லாட்டி அழிச்சுப்போடுவாங்கள். இவருக்கு முகம் செத்துப்போச்சுது. நான் சீலையைத் தூக்கிச் செருகினன். மெஷின் போகாட்டி மனுசன் வரமாட்டார். மனுசன் வராட்டி நான் போகேலாது. பிறகென்ன, துடைக்கத்தான் வேணும்.

மண்ணெண்ணெயும் தும்பும் கத்தியும் கொண்டு அந்த மெஷினுக்குக் கீழ படுத்துக் கிடந்தன். இரும்புத்தூளும் கிறீசும் கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு மூலையில குளவிக்கூடு, இன்னொரு மூலையில பல்லி முட்டை. மேல்பக்கத்தில சந்தனமும் குங்குமமும் பட்டை பட்டையா. நாங்கள் வேதக்காரர். மெஷினுக்கு மேல அந்தோனியார் படம் ஒட்டியிருக்கு. ஆனால் சரசுவதி பூசை வந்தால் உடப்பு வள்ளக்காரர் தங்கட எஞ்சினுக்குப் பொட்டு வச்சுப்போட்டு, எங்கட எஞ்சினெல்லாம் இதிலதானே பிறந்தது எண்டு லேத்துக்கும் வந்து வைப்பினம். இவர் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையா நிப்பார். அத்தினை வருசத்துச் சந்தனத்தையும் நான் கத்தியால சுரண்டி எடுத்தன். அது நெருப்புப் பட்டது போல மனசைச் சுட்டது. இருந்தாலும் சுரண்டினன்.

மறுநாள் லொறி வரப்போகுது. வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி அருள்குமரனும் அவற்றை ஆக்களும் வந்து, மெஷினைத் தூக்கிப் பெட்டியின்ர அடிப்பலகையில வச்சுத் தந்திட்டு வெளியில நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தினம். அருள்குமரன் இவரை விட்டால் வேற ஒருத்தரையும் தன்ர எஞ்சினைத் தொடவிடாத ஆள். கடைசியா ஒருக்கால் பாப்பமெண்டு நான் குனிஞ்சு லேத்தின்ர அடிவயித்துக்குள்ள கையை விட்டன். ஏதோ கட்டியிருந்தது. எட்டிப் பாத்தால் மஞ்சள் துணியில ஒரு முடிச்சு. அமத்திப் பாத்தன். நெல்லு, வேப்பிலை, மஞ்சள் துண்டு.

ஐயோ மாதாவே, விதையும் இலையும்! அந்த ஏஜன்டுப் பொடியன் சொன்னது முழுக்க ஒரு முடிச்சுக்குள்ள.

நான் போட்ட சத்தத்தில வள்ளத்தில நிண்டவையும் இறங்கி ஓடிவந்தினம். எவன்ர வேலை இது எண்டு கேட்டன். அருள்குமரன் தலையைச் சொறிஞ்சார். தங்கட குடும்பத்தின்ர புது வள்ளம் எதுவும் இந்த முடிச்சில்லாமல் கரையை விட்டுப் போறதில்லையாம். எங்கட எல்லாற்றை எஞ்சினையும் காப்பாத்தின மெஷின் கடல் கடந்து போகேக்க வெறுமனே அனுப்பேலுமோ அக்கா எண்டார். நான் கத்தரிக்கோலை எடுத்தன். அங்க நிண்ட ஆம்பிளையள் எல்லாருக்கும் முகம் மாறிச்சுது. கட்டின முடிச்சைத் தண்ணி காணாமல் தரையில வச்சு அவிழ்க்கப்படாதாம். தண்ணியில போய், திரும்பக் கரையைத் தொட்ட பிறகுதான் அவிழ்க்கலாமாம். இல்லாட்டி இந்த மெஷினில தண்டு கடைஞ்ச வள்ளம் எதுவும் நாளைக்குக் கடலுக்குப் போகாதாம்.

நான் இவரைப் பாத்தன். இஞ்சேருங்கோ, சொல்லுங்கோவன் எண்டன். வேதக்கார மனுசன், கோயிலில முன்வாங்கில இருக்கிற மனுசன், எனக்கும் லேத்துக்கும் நடுவில வந்து நிண்டார்.

"அதில கை வைக்காத, றோஸ். அவையள் கடலுக்குப் போற ஆக்கள்."

அப்ப மெஷின் திரும்பி வரட்டும், நீங்களும் இஞ்சயே கிடவுங்கோ, நான் மட்டும் போய் என்ர பிள்ளையைப் பாக்கிறன் எண்டு வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிப்போட்டு வேறயொண்டைக் கத்தினன். தண்ணியில போய்க் கரையைத் தொட்டால் சரியெண்டால், ஏத்துங்கோ இந்தச் சனியனை வள்ளத்தில, ஒரு சுத்துச் சுத்திக்கொண்டு வாங்கோ எண்டன். நான் நக்கலுக்குச் சொன்னது. அவையள் ஒருத்தரை ஒருத்தர் பாத்தினம். அருள்குமரன் சாரத்தை மடிச்சுக் கட்டினார். அக்கா சொன்னது சரிதானே எண்டார்.

காவுதடி வந்தது, கயிறு வந்தது. கரைவலைக்காரரும் வலையை விட்டிட்டு வந்திட்டினம். வலை இழுக்கேக்க பாடுற அம்பாவைப் பாடிப் பாடி, என்ர கையால துடைச்ச மெஷினை மணலுக்குள்ளால காவிக்கொண்டு போய் வள்ளத்தில வச்சினம். மணல் ஒட்டாமல் பாத்துக் காவுங்கோ எண்டு பின்னால கத்திக்கொண்டு போனன். உவங்களை நம்பேலாதெண்டு பொலித்தீன் விரிப்பையும் தூக்கிக்கொண்டு நானும் ஏறினன். இவர் லேத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருந்தார். கலியாணத்தில என்னைக்கூட அப்பிடிப் பிடிக்கேல்ல.

அலை உடைக்கிற இடம் தாண்டினதும் கடல் சமனாச்சுது. திரும்பிப் பாத்தன். இவ்வளவு காலம் இருந்தும் உடப்பை நான் கடலில இருந்து பாத்ததில்லை. திரௌபதை அம்மன் கோயில், தென்னை, வரிசையா வள்ளங்கள், காயப்போட்ட கருவாடு, எங்கட தகரக் கூரை. இவரும் பாத்துக்கொண்டிருந்தார். நான் ஏசிறதை நிப்பாட்டினன். எஞ்சின் மட்டும் சத்தம் போட்டுது. அதின்ர தண்டும் இவர் கடைஞ்சதுதான்.

கரைக்கு வரேக்க பாத்தால், தண்ணி விளிம்பில பொம்பிளையள் நிக்கினம். அருள்குமரன்ர மனுசி இலட்சுமி ஆலாத்தித் தட்டோட முன்னுக்கு. புது வள்ளம் கரை சேந்தால் வள்ளத்துக்கும் அதில வந்த ஆக்களுக்கும் ஆலாத்தி எடுக்கிறது அவையளின்ர வழக்கம். லேத்துக்குச் சுத்தினா, இவருக்குச் சுத்தினா, எனக்கும் சுத்தி நெத்தியில பொட்டு வச்சா. பிறகு கையைப் பிடிச்சு இறக்கினா.

"ஊருக்குள்ள வாங்கோக்கா."

அவ வழக்கமாச் சொல்லுறதைத்தான் சொன்னா. ஆனால் நான் அவவின்ர கையை விடேல்ல. தொண்ணூறில மன்னார்ப் பக்கத்திலயிருந்து வள்ளத்தில ஓடி வந்து கற்பிட்டிக் கரையில இறங்கேக்க, லக்சனாவை இடுப்பில வச்சுக்கொண்டு நனைஞ்ச சீலையோட நிண்டன். பாண் தந்தவை, தண்ணி தந்தவை, நல்ல சனங்கள். ஆனால் வாங்கோ எண்டு கையைப் பிடிச்சு ஒருத்தரும் உள்ள கூப்பிடேல்ல. அவையளுக்கு எங்களை ஆரெண்டு தெரியாது. இப்ப, ஊரை விட்டுப் போகப்போற நேரத்தில, கூப்பிடுகினம்.

அருள்குமரன் முடிச்சை அவிழ்த்து நெல்லைத் தண்ணி விளிம்பில கொட்டினார். எல்லாரும் திரும்ப மெஷினைத் தூக்கிக்கொண்டு போச்சினம். இவர் மட்டும் அசையாமல் நிண்டார். நான் கிட்டப் போய், வாங்கோ, உப்புக் காயமுன்னம் கழுவவேணும், இனி மெஷின் கட்டாயம் வரும் எண்டன்.

"மெஷின் வரும், றோஸ்" எண்டார். "நான்தான் எப்பிடி வாறதெண்டு தெரியேல்ல."

அழுதார். நானும் அழுதன். பிறகு நான் அவற்றை கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்தன். பொழுதுபடுமட்டும் நாங்கள் ரெண்டு பேருமா நல்ல தண்ணியாலயும் மண்ணெண்ணெயாலயும் உப்பையும் மணலையும் கழுவினம். ஒரு இடுக்கு விடேல்ல.

மெல்பேணில பெட்டியைத் திறந்த பொம்பிளை உத்தியோகத்தர் லைற் அடிச்சு, படுத்துப் பாத்து, இப்பிடிச் சுத்தமான பழைய மெஷினைத் தான் கண்டதில்லை எண்டு மருமகனிட்டைச் சொன்னாவாம். லேத் கராஜுக்குள்ள ஓடுது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் புல்லு வெட்டுற மெஷினைக் கொண்டு வாறான். பேரன் பிறந்திட்டான். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருநாள் இவர் வேலையில்லாத நேரம் லேத்துக்குக் கீழ படுத்துக்கொண்டு விரலால துளாவிக்கொண்டிருந்தார். என்னப்பா தேடுறியள் எண்டு கேட்டன். உடப்பு மண் ஒரு பொட்டாவது ஒட்டிக் கிடக்கோ எண்டு பாக்கிறாராம். நானும் பக்கத்தில படுத்து நல்லாத் தேடினன், ஒண்டும் இல்லை.