அரை ஊசி

வலி தெரியாமல் இருக்க மூன்று ரூபாய். காளவாசல் பல் டாக்டர் ஹாலாஸ்யம் 1978-இல் மரத்துப்போகும் ஊசிக்கு வைத்திருந்த விலை அது. பல் பிடுங்கும் கூலி தனி. ஆனால் புண்ணாக்குக் கடை மலையாண்டி, சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதாகச் சரித்திரம் இல்லை.

கன்னம் வீங்கிய ஏழு வயது மகள் ராக்குவை நாற்காலியில் உட்கார வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"இம்புட்டுப் பிள்ளைக்கு முழு ஊசியாண்ணே? பஸ்ஸுலயே அரை டிக்கெட்டுதானே!"

"அரை டிக்கெட்டுன்னு பஸ்ஸுக்காரன் பாதி வழியில இறக்கிவிட மாட்டான்யா. மருந்து இறக்கிவிட்டுரும்."

"ஒன்னரை ரூபா. பாதி மருந்து போதும்."

வாசலில் கூட்டம் காத்திருந்தது. டாக்டர் அலுத்துப்போய்ப் பாதி மருந்தை ஏற்றினார்.

"வலிக்காதுல்லப்பா?" என்றாள் ராக்கு.

"வலிக்காது தாயி. அப்பா இருக்கேன்ல."

குறடு பல்லைப் பற்றி அசைத்தபோது மருந்து பாதி வழியில் இறக்கிவிட்டது. "அப்பா, அப்பா" என்றுதான் அலறினாள். அவள் இரண்டு கைகளையும் அமுக்கிப் பிடித்திருந்தவரும் அப்பாதான்.

அடுத்த மாதம் மறுபக்கப் பல் சீழ் வைத்தது. ராக்கு யாரிடமும் மூச்சுவிடவில்லை. காய்ச்சல் ஏறி, தாடை இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போன பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. பெரியாஸ்பத்திரிக் கட்டிலருகே குனிந்து, "ரொம்ப வலிக்குதா தாயி?" என்று கேட்டார் மலையாண்டி. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஊசியில் மிச்சம் ஒன்றரை ரூபாய். மகளிடமிருந்து வரவேண்டிய பதில், பாக்கி.