வழிக்கப்படாத நாக்கு

1936ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானில் மேகம் இல்லை. மேற்கேயிருந்து வறண்ட காற்று புழுதியை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. அக்காற்றுக்கும் அசையாமல், நல்லம்பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரின் கிணற்றடியில் மாதையனின் மூச்சு ஆள் உயரத்தில் சாம்பல் நிற மூட்டமாக நின்றது. முந்தின நாள் மாலை அவன் அவ்விடத்தில் மாடு வாங்குவது பற்றிச் சிறிது நேரம் பேசியிருந்தான்.

மாதையன் முனியப்பன் கோவிலில் அருள்வாக்குச் சொல்பவன். பூசாரியாக அவன் பொறுப்பேற்ற நாளில், நாக்கின்மேல் கற்பூரம் ஏற்றிச் சாமியை இறக்கினார்கள். அன்று தொட்டு அவன் நாக்கை வழிப்பதில்லை. வழித்தால் வாக்கும் சேர்ந்து போய்விடும் என்று நம்பினான். பற்களையோ நாள்தோறும் வேப்பங்குச்சியால் துலக்கினான். அவை சங்குபோல் வெளுத்திருந்தன. கிராம்பும் ஏலக்காயும் ஓயாமல் மென்றான். ஆயினும், செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர்கூட அருந்தாமல் விரதம் இருந்தமையால் வாய் உலர்ந்து, நாக்கின்மேல் படிந்த மாவு ஆண்டுக்காண்டு தடித்தது. அவன் பேசிய இடந்தோறும் மூட்டம் நின்றது. வண்டிப்பாதை அவற்றைச் சுற்றி வளைந்து சென்றது. மூட்டத்தின்கீழ்க் கட்டிய மாடுகளிடமிருந்து உண்ணிகள் உதிர்ந்தமையால், உழவர்கள் அதனை அருள் என்றே கொண்டு, ஒரு கையால் கும்பிட்டு மறு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டனர்.

அச்செவ்வாய்க்கிழமை அவன் மகளுக்குப் பெயரிடும் நாள். தகப்பன்தான் குழந்தையின் காதில் பெயரை முதலில் ஓதவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மாதையன் ஆசையோடு குனிந்தான். அவன் வாய் திறக்குமுன்பே குழந்தை மூச்சடைத்து நீலம் பாரித்தது. மனைவி குள்ளம்மாள் அதனைப் பறித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

“பல்ல மட்டும் தேச்சா ஆச்சிங்களா? நாக்க வழிங்க, நாக்க!”

“நாக்குல முனியப்பன் குந்திக்கினு இருக்காருடி. ஈக்கு போட்டு வழிச்சா அவரு எங்க போயி குந்துவாரு?”

“அவருக்கு மூக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா எப்பவோ எறங்கிப் போயிருப்பாருங்க.”

பெயர் வைக்கப்படவில்லை. பின்னர்த் தாய்மாமன்மார் ஆளுக்கொரு பெயர் வைத்தனர். அவை மறுநாள் விடியுமுன் ஊரார் அனைவருக்கும் மறந்துபோயின. குழந்தை நடந்தாள், ஓடினாள், உலகப்போர் தொடங்கியது, மண்ணெண்ணெய் விலை ஏறியது. “ஏ புள்ள!” என்று கூவினால் தெருவிலுள்ள சிறுமியர் எல்லாரும் திரும்புவர், அவள் ஒருத்தி மட்டும் திரும்பமாட்டாள். அடுப்பருகே போனாலும் கிணற்றருகே போனாலும் பின்னாலேயே ஓடித் தூக்கி வருவதைத் தவிர வேறு வழியில்லை. மாதையன் மகளிடம் சைகையால் மட்டுமே பேசினான். அவளுக்கென்று தேர்ந்த பெயர் அவன் வாய்க்குள்ளேயே வளர்ந்து, உண்ணும்போது அண்ணத்தில் இடித்தது.

1941ஆம் ஆண்டு மாசித் திருவிழாவுக்கு மூவரும் தீர்த்தமலைக்குச் சென்றனர். பாறையிலிருந்து விழும் தீர்த்தத்தில் நனையக் கூட்டம் நெருக்கியபோது, குழந்தையின் கை குள்ளம்மாளின் பிடியிலிருந்து நழுவியது. மறுகணம், கூட்டத்துக்கு அப்பால், ஒரு குரங்கின் பின்னே பாறை விளிம்பை நோக்கி அவள் நடந்துகொண்டிருந்தாள். கால் வைத்துப் பின்தொடர அங்கே பெரியவர்களுக்கு இடமில்லை. நூறு பேர் கத்தினர், அவள் திரும்பவில்லை.

“கூப்புடுங்க! ஒங்க வாய்க்குள்ளதான இருக்குது அவ பேரு, கூப்புடுங்க!” என்று குள்ளம்மாள் அவன் மார்பில் குத்தினாள்.

மாதையன் வாய் திறந்தான். பெயருக்குப் பதில் மூட்டம் வெளிவந்து, மகளையே மறைத்துவிட்டது. அப்பொழுது அவன் தோரணத்துத் தென்னங்கீற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி வளைத்து, தீர்த்தத்தின்கீழ் நின்று, தன் நாக்கை வழித்தான். சாம்பல் நிற ஏடுகள் உரிந்து விழுந்தன. ஒவ்வோர் ஏடும் பாறையில் பட்டு, அவன் என்றோ உரைத்த வாக்கை அவன் குரலிலேயே ஒருமுறை சொல்லிக் கரைந்தது: “மழ பேயும்”, “காணாப்போன ஆடு கெழக்கால நிக்குது”, “பொம்பளப் புள்ளதான்”. கடைசி ஏட்டின் அடியில் கற்பூரச் சுடர் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அது நாக்கை விட்டு எழுந்து, தண்ணீரில் நனையாமல், உச்சியை நோக்கி அவசரமின்றிச் சென்றது. சாமி போவதை மாதையன் கண்ணாரக் கண்டான், தடுக்கவில்லை. வாய் கொப்பளித்து, தூய மூச்சை இழுத்து, அழைத்தான்.

“பாஞ்சாலி!”

மலையே அப்பெயரைத் திரும்பச் சொல்லிற்று. கூட்டத்திலிருந்த வேறு பாஞ்சாலிகள் ஒருவரும் திரும்பவில்லை. அதுவரை அப்பெயரைக் கேட்டே அறியாத அச்சிறுமி, விளிம்பில் ஒரு காலை எடுத்த நிலையிலேயே நின்று, திரும்பி, “என்னப்பா?” என்றாள். பிறகு வந்த வழியே நடந்து வந்து தகப்பனின் வாயருகே முகத்தை வைத்து, “இன்னொருக்கா கூப்புடு” என்றாள். திருவிழாப் பணிக்கு வந்திருந்த சுகாதார அதிகாரியின் கைக்கடிகாரத்தில் அப்பொழுது காலை மணி பத்து நாற்பது.