மெஷின் ஓடும்போது கேட்ட கேள்வி

எங்கள் பட்டறையில் யார் என்ன சொன்னாலும் கடைசியில் "சரி" என்றுதான் பதில் வரும். இரும்பு அறுக்கும் மெஷின் ஓடும்போது எதிரே நிற்பவரின் வாய் அசைவது தெரியும், சொல்வது காதில் விழாது. ஒரு தடவை "என்ன?" என்று கேட்கலாம். மறுபடியும் கேட்டால் அப்பாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். அதனால் தலையை ஆட்டி "சரிப்பா" என்று சொல்லிவிட்டு, குத்துமதிப்பாக ஏதாவது வேலையைச் செய்துவைப்போம். என் தம்பி இதில் மன்னன். வாடிக்கையாளர்களே அவனை "சரிப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். ஜன்னல் கிரில் கேட்டவருக்கு ஒருமுறை வாசல் கேட்டே செய்து வைத்தான்.

அப்படித்தான் பட்டாளத்துக்கும் சரி சொன்னான்.

ராணுவத்துக்கு ஆள் எடுப்பதாகத் தெருமுனையில் விளம்பரம் ஒட்டியிருந்த நேரம். நான் வாசலில் ஒரு கேட்டுக்கு ரெட் ஆக்ஸைடு பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அப்பா தம்பியிடம் என்னவோ கேட்டார், அவன் தலையாட்டினான். அன்று சாயங்காலமே டீக்கடையில், "பையன் பட்டாளத்துக்குப் போறான்" என்று அப்பா சொல்லிவிட்டார். கடைக்காரர் சொல்லித்தான் தம்பிக்கே விஷயம் தெரியும். வீட்டுக்கு வந்தவன், "அப்பா முடிவு பண்ணிட்டாரு போலக்கா" என்றான். அவன் ஏதோ பெருமைக்குச் சொல்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

போனான், ஓடினான், மார்பளவு கொடுத்தான். காதைச் சோதித்த டாக்டர் அருமையான காது என்று சொன்னாராம். நான் சிரித்த சிரிப்பில் பிரஷ் பெயிண்ட் டப்பாவுக்குள் விழுந்துவிட்டது. கொஞ்ச நாளில் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள்.

அதற்குப் பிறகு வீடே முகாம் மாதிரி ஆகிவிட்டது. வழக்கமாக நான் தண்ணீர் தெளித்தாலும் எழாதவன், விடிவதற்கு முன்பே ஓடப் போனான். கேட் சட்டங்களுக்கு நடுவே தண்டால் எடுத்தான். முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அங்க அஞ்சு நிமிஷத்துல சாப்பிட்டு எந்திரிக்கணுமாம்க்கா."

"இங்க மட்டும் என்ன, தட்டு கழுவுற வரைக்குமா உக்காந்திருக்கே?"

அப்பா பூட்ஸ் வாங்கி வந்தார். குதிகால் பக்கம் தோல் விறைப்பாக இருந்ததால், துணியைச் சுற்றி மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இளக்கினார். தினமும் தட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா போனதிலிருந்தே அவருக்குப் பேச்சு குறைவுதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், அவன் பையில் துணி அடுக்கிக்கொடுக்கும்போது கேட்டேன்.

"ஏன்டா, அன்னைக்கு அப்பா கேட்டதும் பட்டுனு சரின்னுட்டியே. ஒரு நாளாவது யோசிச்சிருக்கலாம்ல?"

"கேட்டாரா? என்ன கேட்டாரு?"

"வெளையாடாதடா."

"சத்தியமா எனக்கு எதுவும் விழலக்கா. கேட்டுக்குத் தாழ்ப்பாள் வைக்கச் சொல்றாருன்னு நெனச்சேன். வச்சும் முடிச்சேன்."

அவன் கையைப் பிடித்துப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். நேராகப் போய் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

"யாரு கரண்ட்ட நிறுத்துனது?" என்று அப்பா கத்தினார்.

"நான்தான். அன்னைக்கு நீங்க கேட்டது இவனுக்குக் காதுலயே விழலப்பா. நீங்க போகச் சொல்றீங்கன்னுதான் இத்தனையும் பண்ணிக்கிட்டு இருக்கான்."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"நானா? 'நீயும் பேர் குடுக்கப் போறியாடா'ன்னு பயந்துபோய்க் கேட்டேன். இவன் தலைய ஆட்டுனான். ஆசப்பட்டுட்டானே, குறுக்க நிக்கக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் மனசுக்காக இன்னொருவர் என்று இத்தனை நாள் மாடாய் உழைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பேர்மேலும் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"போகாதடா. அவங்ககிட்ட நானே வந்து பேசிக்கிறேன்" என்றார்.

தம்பி உடனே தலையாட்டவில்லை. ஒட்ட வெட்டிய தலையைத் தடவிக்கொண்டே நின்றான்.

"மொதல்ல உங்களுக்காகத்தான்பா ஓடுனேன். பிடிக்கவே இல்ல. அப்புறம் ஓட ஓட, அந்த நேரத்துல ஒரு சத்தமும் இல்லாம, நான் என்ன நெனைக்கிறேன்னு எனக்கே தெரிய ஆரம்பிச்சுது. இப்ப எனக்கே போகணும்போல இருக்கு."

"வேணாம்னு சொல்றேன்ல?"

மெஷின் நின்றிருந்தது. தெருவில் போன சைக்கிளின் செயின் சத்தம்கூடத் தெளிவாக உள்ளே வந்தது.

"கேட்டுச்சுப்பா" என்றான் தம்பி.

மறுநாள் கிளம்பிவிட்டான்.