கொஞ்சம் பிடிங்க

எங்கள் அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை கோபுரம் கட்டுவார்கள். இந்த வருடம் அதற்கு ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். அணிக்கு ஆறு பேர். ஒவ்வோர் அணிக்கும் மூங்கில் குச்சிகள், சணல் கயிறு, ஓர் எலுமிச்சம்பழம், ஒரு தூக்குவாளி நிறைய நேரம். நேரம் தீர்வதற்குள் யார் கையும் படாமல் கோபுரம் நிற்க வேண்டும். உச்சியில் பழம் இருக்க வேண்டும். வழக்கமாக முட்டைதான் வைப்பார்கள். இது புரட்டாசி. பாதிப் பேர் முட்டையைத் தொட மாட்டார்கள்.

"தலைமைப் பண்பையும் கூட்டு முயற்சியையும் பாக்கப்போறோம்," என்றார் பயிற்சியாளர் ஜெசிந்தா மேடம். "வாளியைச் சிந்தாம வச்சுக்குங்க."

நான் கையைத் தூக்கினேன். நான்கு மணிக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்றேன். அவள் இரண்டாம் வகுப்பு. வீட்டிலிருந்து யாராவது வாசலுக்குப் போனால்தான் வெளியே விடுவார்கள். மனைவி வெளியூரில் இருந்தாள்.

"அதுக்கென்ன, தாராளமா," என்றார் மேடம். "முடிஞ்சதும் போங்க."

முதலில் தலைவரைத் தேர்ந்தெடுத்தோம். கணக்குப் பிரிவு கோதண்டபாணி வயதில் மூத்தவர். அவர் தலைவரானார். இலியாஸின் முகம் வாடியதால் அவரைச் செயல் தலைவராக்கினோம். மற்ற மூவரும் துணைத் தலைவர், கௌரவத் தலைவர், நிரந்தர ஆலோசகர் ஆனார்கள். எஞ்சியது நான். நான் உறுப்பினர்கள்.

"உறுப்பினர்கள் ஒத்துழைக்கணும்," என்றார் கோதண்டபாணி. ஒரு மூங்கிலைச் செங்குத்தாக நிறுத்தினார். "தம்பி, இதைக் கொஞ்சம் பிடி. இதோ வந்துடறேன்."

பிடித்தேன்.

அவர் மேடை ஏறினார். மண்டபத்தில் மேடை இருந்ததால் ஏற வேண்டியிருந்தது. இலியாஸ் வரவேற்றுப் பேசினார். துணைத் தலைவர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார். தலைவர் அதைக் கழற்றித் துணைத் தலைவருக்குப் போர்த்தினார். வாளியில் நேரம் பாதிக்கு இறங்கியது.

பிறகு ஐந்து தலைவர்களும் வந்து என்னைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தார்கள். நன்றாகவே கட்டினார்கள். குச்சிகள் என் முழங்கையில் முட்டுக்கொடுத்து, தோளைத் தொற்றி, மேலே போயின. மண்டபத்தின் கூரை மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.

"சார், நான் கையை எடுத்தா விழுந்துடுமே," என்றேன்.

"ஏன் எடுக்கறே?"

"யார் கையும் படக் கூடாதுன்னாங்க."

"அது கடைசியில. எதைக் கேட்டாலும் நெகட்டிவாவே பேசறே."

"டீம் ஸ்பிரிட் பத்தாது," என்றார் இலியாஸ்.

அப்போது பக்கத்து அணித் தலைவர் கையில் டம்ளரோடு வந்தார். "கொஞ்சம் நேரம் கிடைக்குமா சார்? எங்களுது தீந்துபோச்சு."

கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப கோதண்டபாணிக்கு மனம் வரவில்லை. வாளியைச் சாய்த்து ஊற்றினார்.

"போதும் சார், போதும்."

"அட, வாங்கிக்குங்க. நம்மகிட்ட நிறைய இருக்கு."

மற்ற அணிகளும் டம்ளரோடு வந்தன. கடைசி ஆளுக்கு வாளியைக் கவிழ்த்து அடியைத் தட்டிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் மற்ற அணிகளுக்கு மணி அடித்தது. கைதட்டல் கேட்டது. அவர்கள் சாப்பிடப் போனார்கள். எங்களுக்கு அடிக்கவில்லை.

"மேடம், எங்க மணி?" என்று கேட்டேன்.

"நேரம் தீந்தாத்தானே சார் அடிக்க முடியும்? உங்களுது தீரலையே. கொடுத்துட்டீங்க."

"அப்ப எப்ப முடியும்?"

"முடியறதுக்கும் கொஞ்சம் நேரம் வேணுமே." காலி வாளியைத் திருப்பிக் காட்டினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

தலைவர்கள் பதவி வரிசைப்படி சாப்பிட்டு வந்தார்கள். கோதண்டபாணி கையைத் துடைத்தபடி கேட்டார். "சாப்பிட்டியா?"

"இல்ல சார்."

"நேரத்துக்குச் சாப்பிடணும்ப்பா. உடம்பு முக்கியம்."

சுவர்க் கடிகாரம் நான்கைக் காட்டியது. பிறகு மறுபடியும் நான்கைக் காட்டியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மழைக்காலம் வந்துபோனது. என் கை வலிப்பதை நிறுத்திவிட்டது.

நறுமுகை மண்டபத்துக்குள் வந்தாள். என் மகள். அதே சீருடைதான், முழங்காலுக்கு வெகு மேலே நின்றது. கை சட்டையைவிட நீண்டிருந்தது. கழுத்தில் அதே தண்ணீர் பாட்டில்.

"அப்பா, கேட்டைப் பூட்டணுமாம். வாட்ச்மேன் திட்டறாரு. நீ வந்தாத்தான் என்னை விடுவாராம்."

"விடலைன்னா நீ எப்படிம்மா இங்க வந்தே?"

"உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி அனுப்பினாரு. இன்னும் விடல."

"பாப்பாவும் நம்ம டீமா? ரொம்ப சந்தோஷம்," என்றார் கோதண்டபாணி. ஐந்து தலைவர்களும் கைதட்டினார்கள். நிரந்தர ஆலோசகர் பொன்னாடையைத் தேடினார்.

நான் யோசித்துப் பார்த்தேன். நான் வாசலுக்குப் போனால்தான் அவளை விடுவார்கள். நான் கையை எடுத்தால் கோபுரம் அவள் தலையில் விழும். அவளுக்கு இப்போது என் உயரம் இருந்தது.

"பாப்பா," என்றேன். "இதைக் கொஞ்சம் பிடி. இதோ வந்துடறேன்."

அவள் பாட்டிலைக் கழற்றித் தரையில் வைத்தாள். என் கைக்கு மேலே தன் கையை வைத்தாள். நான் உருவிக்கொண்டேன். கோபுரம் அசையவே இல்லை.

"பாத்தியா," என்றார் கோதண்டபாணி. "இதுதான்யா டீம் ஒர்க்."

"சீக்கிரம் வாப்பா," என்றாள் நறுமுகை.

ஓடினேன்.

பள்ளி மைதானம் காலியாக இருந்தது. வாட்ச்மேன் கேட்டின் ஒரு கதவைத் தோளால் தாங்கியபடி நின்றார். அதன் கீல் போயிருந்தது.

"நறுமுகை. ரெண்டாம் வகுப்பு. கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்," என்றேன்.

"உங்களைக் கூட்டிட்டு வரத்தானே சார் அவளை அனுப்பினேன்? தனியா வர்றீங்க?"

"அவ அங்க இருக்கா."

"அங்க எப்படி இருப்பா? நான் இன்னும் விடவே இல்லையே." அவர் மைதானத்தைத் திரும்பிப் பார்த்தார். "உள்ளதான் இருக்கணும். பாத்துக் கூட்டிட்டு வர்றேன்."

இரண்டு அடி வைத்தார். கதவு சாய்ந்தது. திரும்பி வந்து அதை நிமிர்த்தினார்.

"சார், இதைக் கொஞ்சம் பிடிங்க. இதோ வந்துடறேன்."

பிடித்தேன்.